விடுதலை இரவில் அணிந்த ஆடை

1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில், அக்ரா நகரின் பழைய போலோ திடலில் கானா நாட்டின் விடுதலையை முழங்க மேடை ஏறினார் குவாமே நிக்ருமா. மேனாட்டுக் கோட்டும் கழுத்துப் பட்டையும் அவர் அணியவில்லை. பிற விழாக்களில் அவர் போர்த்த, அசாந்தி அரசர்க்குரிய கெண்டே ஆடையும் அன்றில்லை. அவரும் தோழர்களும் பூண்டிருந்தது, வடபுல மக்களின் ‘ஃபுகு’ என்னும் தளர்ந்த மேற்சட்டை. தலையிலோ ‘பி.ஜி.’ என்றெழுதிய குல்லாய். சிறைப் பட்டதாரி என்பது பொருளாம்!

கைத்தறியில் ஒரு சாண் அகலமும் இல்லாத பருத்திப் பட்டைகளாக நெய்து, அவற்றை இணைத்துத் தைப்பதே ஃபுகு. நிக்ருமா தென்மேற்குக் கரையில் பிறந்தவர். வடக்கத்தியாரின் உடையை அவர் ஏற்றது, நாடு ஒன்றே என்பதைச் சொல்லாமற் சொல்லிற்று எனக் கருதுகிறோம்.

வெள்ளிக்கிழமைகளில் உள்நாட்டுத் துணியுடுத்திப் பணிக்கு வரும் வழக்கத்தை 2004-இல் கானா அரசு ஊக்குவித்தது. அங்கே ஆடவர் பலர் இன்றும் ஃபுகுவைப் பெருமிதத்துடன் அணிகின்றனர்.

பிழைக்க வந்த ஊரில், பொங்கலன்று மட்டும் பெட்டியிலிருந்து வேட்டியை எடுக்கும் நாம், இச்செய்தியைப் படித்தபோது சற்றே நாணினோம்.