கம்ப்யூட்டரில் கற்ற ஆர்கன் சோலோ

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் செய்வதை நீங்களும் செய்திருப்பீர்கள். கடிதம் ஒன்றை டைப் செய்து பார்த்திருப்பீர்கள். சினிமா பார்த்திருப்பீர்கள். பாட்டுக் கேட்டிருப்பீர்கள். பாட்டுக் கேட்கும் அதே கம்ப்யூட்டரை, அலுக்காமல் உடன் வாசிக்கும் பக்கவாத்தியக்காரராகவும் மாற்றலாம். இதற்குத் தேவையான சாப்ட்வேர் இரண்டும் இலவசம். எனக்கு இது தெரிய வந்தது ஒரு கல்யாண வரவேற்பில் தலைகுனிந்த பிறகுதான்.

மேடையில் நின்றுபோன கை

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். இன்ஜினியரிங் முடித்து சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் வீட்டிலிருந்தபடி வேலை. ஞாயிறு என்றால் சிவகாசி பஸ். அங்கே ஐந்து பேர் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருக்கிறோம். டிரம்மர் அண்ணன் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். பேஸ் கிதார் வாசிப்பவர் பட்டாசு ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அச்சகத்தின் பின்பக்கம், காலண்டர் அட்டைகள் அடுக்கிய அறைதான் எங்கள் ஒத்திகைக் கூடம். கீபோர்டு என் பொறுப்பு.

பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான் வாசிப்போம். கிதார் வாசிக்கும் நண்பனின் ஆசைக்காக ஒரே ஒரு ஆங்கில ராக் பாட்டைச் சேர்த்தோம். அமெரிக்காவின் தி டோர்ஸ் குழு 1967-ல் வெளியிட்ட 'லைட் மை ஃபயர்'. பட்டாசு ஊருக்குப் பொருத்தமான தலைப்பு! அதன் நடுவில் ஒரு நீண்ட ஆர்கன் சோலோ வரும். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த சோலோவில் இரண்டு நிமிடத்தை ஒரு ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம் செய்தேன். வைகாசி மாதம் ஒரு வரவேற்பில் வாசித்தோம். மாப்பிள்ளை வருவதற்குத் தாமதமானதால், 'இன்னும் வாசி' என்று டிரம்மர் அண்ணன் கண்ணைக் காட்டினார். எனக்கு மனப்பாடம் தீர்ந்துவிட்டது. கை அப்படியே நின்றது. பாட்டு முடிந்ததென்று நினைத்து முன்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் போல ஒரு தண்டனை கிடையாது.

இறங்கியதும் அண்ணன் சொன்னார்: "தம்பி, ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பாப்போம். சரிவரலேன்னா பாட்டை லிஸ்ட்ல இருந்து எடுத்துருவோம். கீபோர்டுக்கும் வேற ஆள் பாக்கணும், தப்பா எடுத்துக்காத."

நல்ல வேளையாக நடுவில் ஆடி மாதம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஏறக்குறைய மூன்று மாதம் என் கையில் இருந்தது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம்

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒலி எழுந்து மெல்லத் தேய்ந்துவிடும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஒலி அதே அளவில் நிற்கும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டக் குறைக்கக் காலடியில் ஒரு பெடல் உண்டு.

ராக் இசையில் புகழ்பெற்றது ஹாமண்ட் ஆர்கன். லாரன்ஸ் ஹாமண்ட் என்ற அமெரிக்கர் 1935-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் பி-3 என்ற மாடல், பெடலும் பெஞ்சும் சேர்ந்தால் 190 கிலோவைத் தாண்டும். அதனால் ஊர் ஊராகச் சுற்றிய பல குழுக்கள் தூக்கிச் செல்லக்கூடிய சின்ன ஆர்கன்களை நாடின. தி டோர்ஸ் குழுவின் ரே மன்சாரெக் இந்தப் பாட்டில் வாசித்தது வாக்ஸ் கான்டினென்டல் என்ற அத்தகைய ஆர்கன். மேடையில் வலக்கையால் ஆர்கனும் இடக்கையால் பேஸ் ஒலியும் வாசித்தவர் அவர்.

ஆல்பத்தில் இந்தப் பாட்டு ஏழு நிமிடம் ஓடும். ரேடியோவுக்காக வெளியிட்ட சிறிய ரிக்கார்டில் மூன்று நிமிடத்துக்குள் சுருக்கினார்கள். வெட்டுப்பட்டது பெரும்பாலும் நடுவில் வரும் இந்த சோலோ பகுதிதான்.

நம் ஊர் இசையமைப்பாளர்களும் இப்படிப்பட்ட குழுக்களில் வாசித்து வளர்ந்தவர்களே. 1992-ல் 'ரோஜா' வெளிவருவதற்கு முன்பே, சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் ஏ.ஆர். ரஹ்மான்.

முதல் படி: வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள்

2000-ஆம் ஆண்டு முதல் கிடைத்து வரும் ஆடாசிட்டி என்ற சாப்ட்வேரை அதன் இணைய தளத்திலிருந்து டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். பாட்டு பைலைத் திறந்து, சோலோ உள்ள பகுதியை மவுஸால் தேர்ந்தெடுங்கள். எஃபெக்ட் மெனுவில் 'சேஞ்ச் டெம்போ' என்பதைக் கிளிக் செய்து, சதவீதம் என்ற இடத்தில் -40 என்று கொடுங்கள். பாட்டு மெதுவாக ஓடும், சுருதி மாறாது. அருகிலேயே 'சேஞ்ச் ஸ்பீட்' என்று தொடங்கும் கட்டளையும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

இப்படி மெதுவாகக் கேட்டபோது ஒரு விஷயம் பிடிபட்டது. இவ்வளவு நீளமான சோலோவுக்கு அடியில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டே கார்டுகள். ஏ மைனர், பி மைனர். பிறகு மீண்டும் ஏ மைனர். கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்.

இந்த இரண்டுக்கும் பொருந்தும் ஸ்வரங்கள் ஏழு: ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி. மேற்கத்திய இசையில் இதற்கு டோரியன் என்று பெயர். கர்நாடக இசை படித்தவர்கள் ஏ என்ற கட்டையை ஸட்ஜமாக வைத்து, அதாவது 6 கட்டை சுருதியில், வாசித்துப் பாருங்கள். 22-வது மேளகர்த்தாவான கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்! இவற்றில் பி, எஃப் ஷார்ப் இரண்டையும் விட்டுவிட்டால் மீதி ஐந்தும் சுத்த தன்யாசி. ராக் கிதார்காரர்கள் மைனர் பென்டடோனிக் என்று சொல்வதும் இதே ஐந்தைத்தான். ராகத்தின் கமகமும் நடையும் வேறு; ஆனால் ஸ்வரங்கள் நமக்குப் பழக்கமானவை. சிறு வயதில் பாட்டு வகுப்புக்குப் போனது வீணாகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் படி: ஓயாத பக்கவாத்தியம்

அடுத்து எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச சாப்ட்வேரை நிறுவினேன். இதில் பியானோ ரோல் என்ற கட்டம் போட்ட விண்டோ உண்டு. அதில் ஒரு தாளச் சுற்றுக்கு ஏ மைனர், அடுத்த சுற்றுக்கு பி மைனர் என்று வரைந்து, முடிவில்லாமல் சுழலும்படி விட்டேன். தொடக்கத்தில் டெம்போவை 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். கை பழகப் பழகக் கூட்டலாம். ஆர்கன் ஒலிக்கு இதிலேயே 'ஆர்கானிக்' என்ற கருவி இருக்கிறது.

கட்டைகளை எண்ணாகச் சொல்வதற்கு மிடி என்ற முறை இருக்கிறது. 1983-ல் வந்தது. மிடி கேபிள் வழியாகப் பாட்டு போவதில்லை; எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்ற எண்கள் மட்டுமே போகின்றன. கட்டை எண்கள் 0 முதல் 127 வரை. ஏ மைனர் என்பது 57, 60, 64. பி மைனர் என்பது 59, 62, 66.

யு.எஸ்.பி. வசதி உள்ள கீபோர்டு இருந்தால் கம்ப்யூட்டரில் இணைத்து, எல்.எம்.எம்.எஸ். டிராக்கில் மிடி இன்புட்டாக அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். நீங்கள் டைப் செய்யும் கீபோர்டில் கீழ் வரிசை எழுத்துகளே ஸ்வரக் கட்டைகளாக வேலை செய்யும்.

கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்து ஒலி வந்தால் குழப்பமாக இருக்கும். செட்டிங்ஸில் 'பஃபர் சைஸ்' என்பதைப் பாருங்கள். அது 2048 என்றிருந்தால், வினாடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில் 46 மில்லி செகண்ட் தாமதம். 256 ஆக்கினால் ஆறுக்கும் குறைவு. மிகவும் குறைத்தால் ஒலி கரகரக்கும். அப்போது ஒரு படி கூட்டுங்கள். புளூடூத் ஹெட்போன் தன் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கும். வயர் உள்ளதையே பயன்படுத்துங்கள்.

அண்ணாச்சி சொன்ன பாடம்

ஆனி முழுக்கத் தினமும் ஒரு மணி நேரம் வாசித்தேன். ஸ்வரம் எதுவும் தவறவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இல்லை. ஏன் என்று புரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். இளவயதில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இந்த நாடகங்களில், வேறு வேறு ஊர் நடிகர்கள் அன்று இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. நடிகர் எதைப் பாடினாலும் ஆர்மோனியம் கூடவே போக வேண்டும். சிவகாசியில் 1886-ல் பிறந்த தியாகி விஸ்வநாத தாஸ், புராண நாடகத்தின் நடுவே சுதந்திரப் போராட்டப் பாட்டுகளைப் பாடிச் சிறை சென்றவர். 1940-ல் மேடையிலேயே உயிர் துறந்தார். அவரைப் போன்றவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஆர்மோனியக்காரர்கள் எவ்வளவு விழிப்பாக இருந்திருக்க வேண்டும்!

அண்ணாச்சி என் வாசிப்பைக் கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, நீ மூச்சே விட மாட்டேங்கியே. பேசுற மனுசன் நடுவுல நிப்பாட்டுவான்ல? ரெண்டு சொரத்த வச்சுப் பேசு. பெறகு சும்மா இரு. மத்தவன் என்ன சொல்லுதான்னு கேளு."

வீட்டுக்கு வந்து, என் வாசிப்பை எல்.எம்.எம்.எஸ்.ஸில் பதிவு செய்து பியானோ ரோலில் பார்த்தேன். வாசித்த ஒவ்வொரு ஸ்வரமும் அங்கே ஒரு கோடாகத் தெரியும். 32 தாளச் சுற்றில் ஒரு சுற்றுகூடக் காலியாக இல்லை. சரவெடியைப் பிரித்துப் போட்டதுபோல நெருக்கமாகக் கோடுகள். அண்ணாச்சி காதால் கண்டுபிடித்ததை எனக்குக் கம்ப்யூட்டர் கண்ணால் காட்டியது.

அன்றிலிருந்து மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன்.

1. முதல் வாரம் ஏ, சி என்ற இரண்டு ஸ்வரங்கள் மட்டும். பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டுவது.

2. இரண்டு சுற்று வாசித்தால் இரண்டு சுற்று சும்மா இருப்பது. பதிவில் காலி இடம் தெரிய வேண்டும்.

3. பி மைனர் வரும்போது சி-யில் நிற்கக் கூடாது, உறுத்தும். பக்கத்தில் உள்ள பி அல்லது டி-யில் போய் நிற்பது.

முடித்ததும் பதிவைக் கேட்பேன். நன்றாக வந்த ஒரே ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவேன். ஆடி முடிவதற்குள் என் சொந்தத் துண்டுகள் பதினைந்துக்கு மேல் சேர்ந்தன. அவற்றை எந்த வரிசையிலும் போடலாம், நீட்டலாம், பாதியில் விடலாம். இனி தீர்ந்துபோகும் என்ற பயமில்லை.

ஆவணி முகூர்த்தம்

மீண்டும் சிவகாசி, மீண்டும் ஒரு வரவேற்பு. சோலோ தொடங்கி எட்டுச் சுற்று போயிருக்கும். வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். பத்தாயிரம் வாலா சரவெடியைப் பற்ற வைத்துவிட்டார்கள்! டிரம்ஸ், பேஸ் எதுவும் காதில் விழவில்லை. தாளம் போய்விட்டது. பழைய நானாக இருந்தால் கை நின்றிருக்கும்.

ஈ என்ற ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கார்டுக்கும் உறுத்தாத ஸ்வரம் அது. ஆர்கன் ஒலிதான் தேயாதே! வெடிச் சத்தம் அடங்கும்வரை அது நின்றது. புகைக்கு நடுவே அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் குச்சியை உயர்த்தினார். கடைசி வெடியோடு டிரம்ஸ் சேர்ந்தது, நானும் இறங்கினேன். எத்தனை சுற்று வாசித்தேன் என்று எண்ணவில்லை. அண்ணன் தலையசைத்தபோது முடித்தேன்.

"சரத்துக்காக நிப்பாட்டி வச்சேல்ல, அது நல்லாருந்துச்சு" என்றார் அண்ணன். வேறு எதுவும் சொல்லவில்லை. பாட்டு இன்னும் லிஸ்டில் இருக்கிறது. கீபோர்டு என்னிடம்தான் இருக்கிறது.

ராக் பாட்டுதான் வேண்டும் என்பதில்லை. பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்து, அதில் இரண்டு கார்டு வரும் இடத்தைக் கண்டுபிடித்துச் சுழல விடுங்கள். இரண்டே ஸ்வரங்களில் தொடங்குங்கள். பதிவு செய்து கேட்க மறக்காதீர்கள். முதல் பதிவு கேட்கச் சகிக்காது; அதை அழிக்காமல் வைத்திருங்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதை அந்தப் பழைய பைலே சொல்லிவிடும்.