யன்னல் துணித்திரைகளைப் பேணுவது எப்படி?

யன்னல் திரை எமது பிரதேசத்து வீடுகளில் வெறும் அலங்காரப் பொருள் அன்று. மலைச்சரிவிலே ஒன்றுக்கு மேல் ஒன்றாகவும், நகரத்து வீதிகளில் ஒன்றோடொன்று ஒட்டியும் கட்டப்பட்ட வீடுகளில், ஒரு வீட்டு யன்னல் அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டிலுள்ள பெண்கள் ஆறுதலாக இருக்கவும், தொழவும், பிள்ளைகள் உறங்கவும் அந்தத் திரையே மறைப்பாகிறது. ஆகவே அது பகலும் இரவும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றும் அதனூடாகவே உள்ளே வருகிறது.

முன்பு விறாந்தையில் மூங்கில் தட்டியும், அறைகளில் கம்பியில் கோத்த பருத்திச் சீலையும் தொங்கின. சீலையைக் கழற்றிச் சவர்க்காரமிட்டுத் துவைத்து வெயிலில் போட்டால் வேலை முடிந்தது. இப்போது புதிய வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் 'பிளைன்ட்ஸ்' எனப்படும் துணித்திரைகள் பெருகிவிட்டன. பார்ப்பதற்குத் துணி போலிருந்தாலும் இவற்றைச் சீலை போலத் துவைக்க முடியாது. அப்படித் துவைத்ததாலேயே பழுதடைந்த திரைகள் பல. மறுபுறம், துவைக்க முடியாதென்று வருடக்கணக்காகத் தொடாமல் விட்ட திரைகளும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டியின் காற்றும் ஈரமும்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை முதலிய மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தில் அமைந்திருக்கிறது. கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் நகருக்குள் வரும் வாகனங்களின் புகை, மலைகள் தடுப்பதால், சமவெளியிற் போல விரைவாகக் கலைந்து செல்வதில்லை. வீதியோர வீடொன்றின் யன்னல் திரையை ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் ஒட்டும் கருமை வெறும் மண் தூசி அல்ல. அதில் புகைக்கரியும் கலந்திருக்கிறது.

அடுத்தது ஈரம். எமது பிரதேசத்தில் வருடத்தின் பெரும்பகுதியில் காற்றின் சாரீரப்பதன் 70 சதவீதத்துக்கு மேலேயே இருக்கிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் உலர்த்திய உடுப்பே மறுநாள் ஈரமாகத் தோன்றுவதை நாம் அறிவோம். பூஞ்சணம் வளர்வதற்கு ஈரமும் உணவும் போதும். பருத்தி, லினன் போன்ற தாவர இழைகள் தாமே அதற்கு உணவாகும். பொலியெஸ்டர் இழையைப் பூஞ்சணம் உண்பதில்லை. ஆனால் அதன்மீது படிந்த தூசியையும் எண்ணெய்ப் பசையையும் உண்டு வளரும். "இது பொலியெஸ்டர்தானே, பூஞ்சணம் பிடிக்காது" என்று எண்ணுவது இதனால்தான் பிழையாகிறது.

மூன்றாவது, தூசிச் சிற்றுண்ணிகள். ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இவ்வுயிரிகள் எமது உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களை உண்டு வாழ்கின்றன. இவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கின்றன. எனவே ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் அவை பிழைப்பது கடினம். கண்டியில் அப்படிப்பட்ட நாட்கள் மிகக் குறைவு. அவற்றின் எச்சங்கள் காற்றில் கலக்கும்போது ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கொழுகல், ஆஸ்துமா ஆகியவை தூண்டப்படுகின்றன. மெத்தையும் தலையணையுமே இவற்றின் முதன்மையான இருப்பிடங்கள் என்றாலும், கட்டிலுக்கு அருகே தொங்கும் தடித்த துணித்திரையும் அவற்றுக்கு இடமளிக்கும். இரவில் இருமும் பிள்ளை உள்ள வீட்டில் யன்னல் திரையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

துவைப்பதை விடத் தூசி தட்டுவதே முக்கியம்

பராமரிப்பு என்றதும் பலருக்கு நினைவு வருவது நீரும் சவர்க்காரமும்தான். துணித்திரையைப் பொறுத்தவரை முதலிடம் பெறுவது காய்ந்த முறையிலான சுத்தமே. தூசி புதிதாக இருக்கும்போது இழையின் மேலே கிடக்கிறது. அதன்மீது ஈரமோ எண்ணெய்ப் பசையோ சேர்ந்தால் இழைக்குள் இறங்கிக் கறையாகிவிடுகிறது. தூசி நிறைந்த திரையில் நேரே ஈரத்துணியை வைத்தால் தூசியைச் சேறாக்கி உள்ளே தேய்த்தவர்களாவோம்.

ஆகவே வாரம் ஒருமுறை, திரையை முழுவதுமாக இறக்கி, மென்மையான தூரிகையாலோ உலர்ந்த பருத்தித் துணியாலோ மேலிருந்து கீழாக இருபுறமும் தட்டிவிட வேண்டும். வெக்கியூம் கிளீனர் இருந்தால் தூரிகை முனையைப் பொருத்தி மிகக் குறைந்த வேகத்தில் பயன்படுத்தலாம். கூரையோரமும் திரை தொங்கும் பெட்டியும் முதலில், திரை அடுத்து, யன்னற்படி கடைசியில், தரை எல்லாவற்றுக்கும் பின்னர் என்ற ஒழுங்கில் செய்தால் ஒரே இடத்தை இருமுறை துடைக்க நேராது. தும்மல், ஆஸ்துமா உள்ளவர்கள் இவ்வேலையைச் செய்யும்போது முகக்கவசம் அணிவதும் யன்னலைத் திறந்து வைப்பதும் அவசியம்.

வகைக்கேற்ற முறை

முதலாவது, சுருட்டும் திரை. 'ரோலர் பிளைன்ட்' எனப்படும் இது, விறைப்பூட்டப்பட்ட ஒரே துண்டுத் துணி. அந்த விறைப்பு ஒரு பூச்சினாலேயே வருகிறது. வெளிச்சத்தை முழுவதும் மறைக்கும் வகையில் பின்பக்கம் இன்னொரு தடித்த பூச்சும் இருக்கும். இத்துணியை ஊற வைத்தால் பூச்சு இளகும், ஓரம் பிரியும், பின்னர் நேராகச் சுருளாது. எனவே இதைக் கழற்றாமல், தொங்கவிட்டபடியே துடைக்க வேண்டும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும். துணியை நன்றாகப் பிழிந்து, கறை உள்ள இடத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சவர்க்காரத்தை நீக்க வேண்டும். எஞ்சும் சவர்க்காரப் பசையே அடுத்த தூசியைப் பிடித்து வைக்கும். முழுவதும் காயும் வரை திரையைச் சுருட்டவே கூடாது. ஈரத்தோடு சுருட்டிய திரைக்குள் காற்றும் வெளிச்சமும் புகாததால் பூஞ்சணம் உண்டாகும்.

இரண்டாவது, நெடுக்குப் பட்டித் திரை. அலுவலகங்களில் அதிகம் காணப்படும் இதில் துணிப்பட்டிகள் தனித்தனியே தொங்கும்; அடியில் பாரத்தகடும் அவற்றை இணைக்கும் சிறு சங்கிலியும் இருக்கும். இவற்றுட் பலவற்றைக் கழற்றிக் கழுவலாம். ஆயினும் விற்பனையாளர் தந்த குறிப்பை முதலில் பார்க்க வேண்டும். கழற்றும் முன் பட்டிகளின் உச்சியில் பென்சிலால் இலக்கமிடுங்கள். சங்கிலியையும் பாரத்தகட்டையும் வேறாக்கி, பட்டிகளைத் தளர்வாகச் சுருட்டி, இளஞ்சூட்டு நீரில் சிறிது சலவைத் திரவம் கலந்து கால் மணித்தியாலம் வரை ஊற வையுங்கள். முறுக்கிப் பிழியவோ சலவை இயந்திரத்தில் போடவோ கூடாது; பொலியெஸ்டரில் விழும் மடிப்புக் கோடு எளிதில் மறையாது. அலசிய பின் நீர் சொட்டச் சொட்ட அவற்றின் இடத்திலேயே பாரத்தகட்டுடன் தொங்கவிட்டு, கீழே பழைய துவாய் ஒன்றை விரியுங்கள். பாரம் இழுப்பதால் பட்டிகள் நேராகவே உலரும்.

மூன்றாவது, மடிப்புத் திரை. 'ரோமன் பிளைன்ட்' என்று கடைகளில் சொல்லப்படும் இது மேலே இழுக்கும்போது மடிப்பு மடிப்பாக அடுக்கும். இதன் முன்துணியும் பின்னுள்ள உட்துணியும் பெரும்பாலும் வெவ்வேறு வகையானவை. நீரில் இட்டால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. ஒன்று சுருங்கி மற்றது தொய்ந்து நிற்கும். ஆகவே கறைபட்ட இடத்தை மட்டும் ஒற்றிச் சுத்தம் செய்வதே பாதுகாப்பானது. முழுவதும் அழுக்கேறினால் உலர்சலவைக்குக் கொடுக்கலாம். கழற்றும் முன் கயிறும் வளையமும் இருக்கும் ஒழுங்கைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தால் மீண்டும் மாட்டும்போது தடுமாற நேராது.

எந்த வகையானாலும், புதிய திரவம் எதையும் வெளியே தெரியாத ஒரு மூலையில் சிறிது இட்டு, காய்ந்த பின் நிறம் மாறுகிறதா என்று பார்த்த பின்னரே மற்ற இடங்களில் பயன்படுத்த வேண்டும்.

பூஞ்சணமும் ஓர் எச்சரிக்கையும்

கறுப்பு அல்லது சாம்பல் நிறப் புள்ளிகளும் புழுங்கிய மணமும் பூஞ்சணத்தின் அடையாளங்கள். அத்திரையை அறைக்குள் உதறினால் அதன் வித்திகள் வீடெங்கும் பரவும். முகக்கவசம் அணிந்து, இயலுமானால் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தூரிகையால் தட்ட வேண்டும். வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து, நிறம் போகாதென்று உறுதிசெய்த துணியில் தெளித்து, சிறிது நேரம் விட்டு ஒற்றி எடுத்து, காற்றோட்டமான இடத்தில் முழுமையாக உலர்த்த வேண்டும். பழைய கறை முற்றாகப் போகாமலிருக்கலாம். ஆனால் பூஞ்சணம் மேலும் வளர்வதைத் தடுக்கலாம். யன்னற் கண்ணாடியில் காலையில் நீர்த்துளி படிந்தால் அதைத் துடைத்துவிடுவதும், திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றுப் போக வழிவிடுவதும் இந்நோய்க்கு முன்கூட்டிய மருந்து.

இங்கே மாணவிகள் தமது விஞ்ஞான பாடத்தை நினைவில் கொள்ள வேண்டும். வெளிற்றும் திரவத்தில் சோடியம் ஐப்போகுளோரைற்று இருக்கிறது. அதனுடன் வினாகிரி போன்ற அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயு வெளிவரும். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஐதரோக்குளோரிக் அமிலம் உண்டு. அவற்றோடு சேர்ந்தாலும் இதே ஆபத்துத்தான். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களிலுள்ள அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். "இரண்டையும் கலந்தால் இரட்டிப்புச் சுத்தம்" என்ற எண்ணம், சிறிய குளியலறைக்குள் ஓர் உயிரைக்கூட ஆபத்தில் ஆழ்த்தும். தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியேறி, நல்ல காற்றுள்ள இடத்துக்குச் சென்று, மூச்சுத்திணறல் இருந்தால் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் சேர்ப்பதில் ஆபத்தில்லை. பயனும் பெரிதாக இல்லை. நுரை பொங்குவது கண்ணுக்கு அழகு. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடுவதால் எஞ்சுவது பெரும்பாலும் உப்புநீரே.

குழந்தை உள்ள வீட்டில் கயிறு

சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, திரையை இழுக்கும் கயிறும் மணிச்சங்கிலியும். தொங்கும் வளையத்தில் கழுத்து சிக்கிச் சிறு குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன. சத்தமின்றி, சில நிமிடங்களில் நடந்துவிடும் விபத்து இது. இதனாலேயே ஐரோப்பிய நாடுகளில் 2014 ஆம் ஆண்டு முதல் திரைக் கயிறுகளுக்குக் கடுமையான நியமங்கள் நடைமுறையில் உள்ளன. கயிற்றைச் சுற்றிவைக்கும் கொக்கி தரையிலிருந்து குறைந்தது 1.5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நாமும் அவ்வாறே செய்யலாம். சங்கிலி வளையத்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் பிடியைத் திருகாணியால் பொருத்தி, தொட்டிலையும் கட்டிலையும் கதிரையையும் யன்னலுக்கு அப்பால் நகர்த்துங்கள். புதிதாக வாங்குவோர் கயிறில்லாத வகையைக் கேட்டு வாங்குவது மேலானது.

எந்த மாதத்தில் செய்வது?

எமது வீடுகளில் பெரும் சுத்தம் என்பது பெருநாளுக்கு முந்திய வேலை. ஆனால் பிறைக் கணக்கிலான வருடம் சூரிய வருடத்தை விட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. எனவே நோன்பு ஒவ்வொரு வருடமும் முன்னோக்கி நகர்கிறது; மழை நகர்வதில்லை. 2030 ஆம் ஆண்டில் நோன்பு ஜனவரி முற்பகுதியிலும் டிசம்பர் இறுதியிலுமாக இரண்டு முறை ஆரம்பிக்கும். டிசம்பரில் வரும் நோன்புக்கான சுத்தத்தை நவம்பர், டிசம்பர் மழையில் செய்தால் எந்தத் திரையும் ஒழுங்காக உலராது. ஆகையால் நீர் சேரும் வேலையைப் பெப்ரவரி, மார்ச் வெயில் நாட்களுக்கு ஒதுக்கி, பெருநாளுக்கு முன் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்வது கண்டிக்குப் பொருந்தும் ஒழுங்கு.

கழுவும் நீரிலும் அளவு வேண்டும். வுழூச் செய்யும்போதும் தண்ணீரை வீண்விரயம் செய்யலாகாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். பட்டிகளை அலசிய கடைசி நீர் விறாந்தை கழுவப் போதும். இனிப் பயன்படாது என்று ஒதுக்கும் துணியையும் உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. உருவங்கள் இருந்த திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாதபோது, ஆயிஷா (ரழி) அவர்கள் அதை வெட்டித் தலையணைகளாக்கிய செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. பழைய துணித்திரையின் பழுதில்லாத பகுதியில் புத்தகப் பையோ, தையல் இயந்திர உறையோ தைக்கலாம். மனைப்பொருளியல் கற்கும் மாணவிக்கு இது நல்ல செயன்முறைப் பயிற்சி.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உயரத்தில் தொங்கும் திரையைக் கழற்ற ஏணி வேண்டும். ஏணியைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். ஸ்டூலின் மேல் கதிரை வைத்து உம்மா தனியே ஏறும் வேலையாக இது இருக்கக் கூடாது. வாப்பாவோ நாநாவோ கழற்ற, பிள்ளைகள் இலக்கமிட்டு அடுக்க, மற்றவர் கழுவ என்று பங்கிட்டால் அரை நாளில் முடியும். மற்ற வாரங்களில் ஒரு யன்னலுக்குச் சில நிமிடத் தூசி தட்டல் போதும். வெள்ளிக்கிழமைக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அதையும் சேர்த்துக்கொண்டால், வருட முடிவில் ஊற வைக்கவோ தேய்க்கவோ அதிகம் எதுவும் எஞ்சியிராது.