பறித்த பின்னும் மூச்சு விடும் பழம்

நூறு கிலோ கொய்யா பறித்தால் அதில் ஏறக்குறைய 16 கிலோ யார் வாய்க்கும் போய்ச் சேராமல் வீணாகிறது. தக்காளியில் 12 கிலோவுக்கு மேல், மாம்பழத்தில் 9 கிலோ. அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்துக்கென லூதியானாவில் இயங்கும் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க அளந்து 2015இல் வெளியிட்ட கணக்கு இது. அதே கணக்கில் நெல்லுக்கும் கோதுமைக்கும் இழப்பு ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

அழுகிப்போன தக்காளியோடு அதற்கு இறைத்த தண்ணீரும் போகிறது. போட்ட உரம், தெளித்த மருந்து, களை எடுத்த கூலி, லாரிக்கு ஊற்றிய டீசல் எல்லாமே அதோடு குப்பைக்குப் போகின்றன. நிலத்தையும் நீரையும் கெடுக்காமல் விவசாயம் செய்வது எப்படி என்று ஆராய்கிறவர்கள் விளைச்சலைக் கூட்டுவதோடு நிற்காமல், விளைந்ததைக் காப்பாற்றுவதிலும் இன்று கவனம் வைப்பது இதனால்தான். புதிதாக ஒரு ஏக்கர் பயிரிடுவதைவிட, ஏற்கெனவே விளைந்ததில் பத்து கிலோவைக் காப்பாற்றுவது மண்ணுக்குச் சுமை குறைவு.

உள்ளே என்ன நடக்கிறது?

நெல் காய்ந்து உறங்கும் விதை. அதை மூட்டை கட்டி அடுக்கினால் மாதக்கணக்கில் கிடக்கும். காயும் பழமும் அப்படியல்ல. அவற்றில் பெரும்பங்கு தண்ணீர். பறித்த பிறகும் அவற்றின் உயிரணுக்கள் வேலையை நிறுத்துவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழித்து, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகின்றன. செடியில் இருந்தவரை செலவழித்ததை இலையும் வேரும் ஈடு கட்டின. காம்பு அறுந்த பிறகு வரவு கிடையாது, செலவு மட்டும்தான்.

இந்தச் செலவின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் மூச்சின் வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. சித்திரை வெயிலில் திறந்த வண்டியில் நிற்கும் காய்க்கு ஒரு மணி நேரம் என்பது நிழலில் இருக்கும் காய்க்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்குச் சமம். காலை இளங்குளிரில் பறிக்கச் சொல்வதும், பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுபோகச் சொல்வதும் இதற்காகத்தான். காசில்லாமல் கிடைக்கும் முதல் பாதுகாப்பு இதுதான்.

அடுத்தது எத்திலீன். பழமே தயாரித்து வெளிவிடும் இந்த வாயுதான் பழுப்பதற்கான உத்தரவு. 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற மாணவர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கவனித்தார். விளக்குக்கு எரித்த வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். செடிகள் தாமாகவே இந்த வாயுவை உண்டாக்குகின்றன என்பதை 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் ஆப்பிளை வைத்து நிறுவினார். வாழைத்தாரை அடுக்கிப் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்த நம் ஊர் வழக்கமும் இதே வேதியியல்தான். புகையில் எத்திலீன் உண்டு.

எல்லாப் பழமும் இந்த உத்தரவுக்குக் கட்டுப்படுவதில்லை. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, தக்காளி ஆகியவற்றை முற்றிய காயாகப் பறித்தாலும் வெளியே பழுக்கும். திராட்சை, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி பறித்த பிறகு இனிப்பதில்லை. முதல் வகையைச் செங்காயாகவே அனுப்பலாம். இரண்டாம் வகைக்குக் காத்திருந்து பறிப்பதைத் தவிர வழியில்லை.

கெடுதல் தொடங்கும் இடம் தோட்டம்

பழுத்த மாம்பழத்தில் திடீரென்று கரும்புள்ளிகள் பரவுவதைப் பார்த்திருப்போம். கடைக்காரர் சரியாக வைக்கவில்லை என்று தோன்றும். ஆனால் ஆந்த்ராக்னோஸ் எனப்படும் அந்தப் பூஞ்சணம் பூவிலும் பிஞ்சிலுமே நுழைந்துவிடுகிறது. காய் பச்சையாக இருக்கும்வரை அதன் எதிர்ப்பு தாங்காமல் தோலுக்கடியில் அடங்கிக் கிடக்கிறது. பழம் இளகத் தொடங்கியதும் எழுந்து பரவுகிறது. பூப்பருவத்தில் நோயைத் தடுப்பதும், காய்ந்த கிளைகளை வெட்டி மரத்துக்குள் காற்றும் வெளிச்சமும் புக விடுவதும் சேமிப்புக் கிடங்கின் வேலையில் பாதியைத் தோட்டத்திலேயே முடித்துவிடுகின்றன. பறித்த பிறகு 52 டிகிரி வெந்நீரில் சில நிமிடங்கள் முக்கி எடுத்தால் தோலுக்கடியில் உள்ள பூஞ்சணம் பெரும்பாலும் ஒடுங்கிவிடும். இதில் மருந்து எதுவும் இல்லை. ஆனால் வெப்பமும் நேரமும் பிசகக்கூடாது. கூடினால் தோல் வெந்துவிடும்.

தண்ணீரும் உரமும் கூட இப்படித்தான். ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் வெள்ளமாகப் பாய்ச்சினால் தக்காளிக்குச் சுண்ணாம்புச் சத்து சீராக ஏறாது. காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும், பழம் வெடிக்கும். சொட்டுநீர் அளவாகவும் சீராகவும் போவதால் தண்ணீர் மிச்சமாவதோடு காயின் தரமும் கூடுகிறது. வெங்காயத்துக்குக் கடைசி நாட்களில் யூரியா போட்டால் கழுத்து தடித்துப்போகும். தடித்த கழுத்து காயாது, அந்த வழியாக அழுகல் இறங்கும். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே நீரை நிறுத்திவிடுவது நெடுநாள் வைக்கப்போகும் வெங்காயத்துக்கு அவசியம்.

மின்சாரம் கேட்காத குளிர்

டெல்லி பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் 1980களில் எஸ். கே. ராயும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு குளிர்த்தொட்டியை உருவாக்கினார்கள். தரையில் செங்கல் பரப்பி, சுற்றிலும் செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டு சுவருக்கும் நடுவே ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஆற்று மணலால் நிரப்ப வேண்டும். காலையும் மாலையும் மணலையும் செங்கல்லையும் நனைத்து, மேலே கூரை போட்டு நிழலாக்கினால் வேலை முடிந்தது. மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பது போலத்தான் இதுவும்: ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கடுங்கோடையில் வெளியே இருப்பதைவிட உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை குறைகிறது. ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்பதால் கீரையும் கத்தரியும் சுருங்குவதில்லை.

இது எல்லா ஊருக்கும் பொருந்தாது. காற்று வறண்டிருந்தால்தான் ஈரம் ஆவியாகும். வட இந்தியக் கோடையில் சிறப்பாக வேலை செய்யும் தொட்டி, கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. மழைக்காலத்திலும் அதே கதைதான்.

குளிர் என்றாலே நல்லது என்ற நினைப்பையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். வெப்பநாட்டுப் பழங்களுக்குக் கடுங்குளிர் காயம் உண்டாக்கும். வாழையை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்து, பழுக்கும் திறனே கெட்டுவிடும். மாங்காய்க்கும் ஏறத்தாழ அதே எல்லை. தக்காளியை வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் சப்பென்று இருப்பதற்குக் காரணத்தை 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 5 டிகிரி குளிரில் மணப்பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடைபட்டுப் போகின்றன. வெளியே எடுத்து வைத்தாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. அதனால் பழுக்க வேண்டிய தக்காளியை வெளியில், காற்றோட்டமாக வைப்பதே மேல்.

வெங்காயத்தின் குணம் இன்னும் வேடிக்கையானது. பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் அது உறங்கும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்திலும், காற்று வறண்டிருந்தால், உறங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள மிதமான குளிரில்தான் முளைவிடும். ஆகவே நம் ஊர் வெப்பம் வெங்காயத்துக்குப் பகையல்ல. ஈரமும் அடைசலும்தான் பகை. தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று புகும்படி அமைத்த பட்டறைகள் இன்றும் பயன்படுவதற்கு இதுவே காரணம். முளைப்பதைத் தடுக்கக் கதிர்வீச்சையும் பயன்படுத்துகிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் மகாராஷ்டிரத்தின் லாசல்கானில் 2002இல் இதற்கென ஒரு நிலையம் அமைத்தது. காமா கதிர் வெங்காயத்தின் முளைக்கும் திசுவை முடக்குகிறது. வெங்காயத்தில் கதிரியக்கம் எதுவும் தங்குவதில்லை.

பழத்துக்கு நாள் சேர்க்கும் ஆவி

புல்லை வெட்டும்போது ஒரு பச்சை வாசனை எழும். அதில் ஹெக்சனால் என்ற பொருளும் இருக்கிறது. செடிகள் இயல்பாகவே உண்டாக்கும் இந்தப் பொருளைக் கொண்டு பழத்தின் ஆயுளை நீட்டலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காட்டினார்கள். பழம் முதிரும்போது ஒரு நொதி உயிரணுக்களின் சுவரை ஒட்டிய மெல்லிய சவ்வைச் சிதைக்கிறது. அதனால்தான் பழம் தளர்ந்து குழைகிறது. ஹெக்சனால் அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது.

2012 முதல் கனடா அரசின் நிதியுதவியோடு குவெல்ஃப், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை சேர்ந்து இதைச் சோதித்தன. பிறகு கென்யா, தான்சானியா, டிரினிடாட் ஆகிய நாடுகளும் சேர்ந்துகொண்டன. பறிப்பதற்கு ஏறக்குறைய 30 நாள் முன்பு ஒருமுறை, 15 நாள் முன்பு இன்னொரு முறை மாமரத்தில் தெளித்தால், முற்றிய காயும் உதிராமல் மூன்று வாரம் வரை மரத்திலேயே நின்றது. பெட்டிக்குள் வைக்கும் சிறு பொட்டலம் போன்ற வடிவங்களையும் உருவாக்கினார்கள். அதிலிருந்து ஆவி சிறுகச் சிறுகக் கசிந்து பழத்தைக் காக்கும்.

ஆப்பிள் வணிகம் வேறு வழியில் போனது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் கண்டுபிடித்து 1996இல் காப்புரிமை பெற்ற ஒன்-எம்.சி.பி. என்ற வாயு, பழத்தில் எத்திலீன் வந்து அமரும் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. உத்தரவு வந்தாலும் கேட்க ஆளில்லாததால் பழம் பழுக்காமல் காத்திருக்கிறது. ஒரு பருவத்து ஆப்பிள் ஆண்டு முழுக்கக் கடையில் கிடைப்பதில், ஆக்சிஜனைக் குறைத்து வைத்த குளிர்க்கிடங்குகளோடு இதற்கும் பங்கு உண்டு.

பழுப்பதைத் தள்ளிப் போடுவதைப் போலவே, வேண்டிய நாளில் பழுக்க வைப்பதும் ஒரு தேவை. அதற்குக் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது. ஈரம் பட்டால் அது வெளிவிடும் வாயுவோடு ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் வரலாம். தோல் மஞ்சளாகும், உள்ளே காய் காயாகவே இருக்கும். மூடிய அறையில் எத்திலீன் வாயுவை அளவோடு விட்டுப் பழுக்க வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த அளவு பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் போகக்கூடாது. பழம் தானே உண்டாக்கும் அதே வாயு என்பதால், எத்திலீன் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

வற்றலும் ஊறுகாயும்

விற்க முடியாமல் மிஞ்சியதை என்ன செய்வது? கிருமி வாழத் தண்ணீர் வேண்டும். அதைக் காயவைத்து எடுத்துவிட்டால் வற்றல். உப்போ சர்க்கரையோ போட்டுக் கிருமிக்கு எட்டாமல் கட்டிவைத்தால் ஊறுகாய், ஜாம். காயை நறுக்கியதும் ஆவியில் வாட்டி அல்லது கொதிநீரில் முக்கி எடுத்துக் காயவைப்பதற்கும் காரணம் உண்டு: நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் செயலிழக்கின்றன. வெயிலிலேயே இயங்கும் கூண்டு உலர்த்திகளில் தூசியும் ஈயும் படாமல், திறந்த வெளியைவிட விரைவாக இந்த வேலை முடிகிறது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பெங்களூரா மாம்பழம் பெருமளவு கூழாகி டின்னில் அடைபடுகிறது. பருவத்தில் குவியும் விளைச்சலுக்கு அது ஒரு வடிகால்.

மிச்சமான நாட்கள் யாருக்கு?

மேலே சொன்ன எல்லா ஆராய்ச்சியும் கடைசியில் விளைவிப்பது ஒரே பொருளைத்தான்: கால அவகாசம். விலை சரிந்த நாளில் மண்டிக்குக் கொண்டுபோகாமல் நான்கு நாள் பொறுக்க முடிந்தால் விவசாயிக்குப் பேரம் பேசும் பலம் வருகிறது. பொறுக்க முடியாதவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். சில சமயம் சாலையோரம் கொட்டிவிட்டும் வருகிறார்.

ஆனால் அந்த நாட்கள் எந்த இடத்தில் சேருகின்றன என்பதை வைத்துத்தான் பலன் யாருக்கு என்பது முடிவாகும். பெரிய குளிர்க்கிடங்கு நகரத்தில் இருந்தால், பொறுத்திருந்து விற்கும் வசதி வியாபாரிக்குப் போகிறது. மின்கட்டணமும் விலையில் ஏறுகிறது. நிழல், செங்கல் தொட்டி, வெந்நீர், காற்றோட்டமான பட்டறை, மரத்திலேயே காயை நிறுத்தும் தெளிப்பு ஆகியவை தோட்டத்திலேயே நாளைச் சேர்க்கின்றன. இரண்டும் வேண்டும்தான். ஏற்றுமதிக்கும் தொலைதூரச் சந்தைக்கும் குளிர்ச்சங்கிலி இல்லாமல் முடியாது. என்றாலும் அரசு மானியத்தை எங்கே முதலில் செலவிடுவது என்று கேட்டால், மின்சாரம் குறைவாகக் கேட்டு, சிறு விவசாயியின் கையில் நாளைக் கொடுக்கும் வழிகளுக்கே முதலிடம் தர வேண்டும். அங்கே ஒரு நாள் கூடினால் பழமும் மிஞ்சும், விளைவித்தவருக்கு விலையும் மிஞ்சும்.