மழைக்கு முன் வைப்பரைக் கவனியுங்கள்!

ஐப்பசி பிறந்தால் திருநாவலூர், உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை எந்த நேரமும் இறங்கலாம். நெல் மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும், கரும்பை ஆலைக்கும் கொண்டு போகும் வண்டிகளில் பழையவை நிறையவே உண்டு. 1986-ல் வந்த டாடா 407 இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும் என்பதால், மழை பெய்தாலும் வண்டியை நிறுத்த முடிவதில்லை. இரவில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் வைப்பர் நின்றுபோனால் சரக்குக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

வைப்பர் ஓடவில்லை என்றதும் மோட்டாரை மாற்றுவது வீண் செலவாகிவிடக்கூடும். கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓடுகிறது, துடைக்கவில்லையா?

வெயிலில் நிற்கும் வண்டியில் பிளேடு ரப்பர் காய்ந்து வெடித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ரப்பர் புதிதாக இருந்தும் கோடு விழுந்தால், கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அப்போதும் சரியாகவில்லையா? கையில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்து, பிளேடு கண்ணாடியில் அழுந்தாமல் இருக்கலாம். உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். புழுதி கண்ணாடியைக் கீறிவிடும்.

மெதுவாக ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

1. முதலில் பியூஸ். அது போயிருந்தால் அதே ஆம்பியர் பியூஸைப் போடுங்கள். கம்பியைச் சுற்றி வைத்தால் ஒயரிங்கே தீப்பிடிக்கும்.

2. அடுத்து எர்த். மோட்டார் உடலிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் கொடுத்துப் பாருங்கள். வேகம் கூடினால் எர்த் இணைப்பில்தான் துரு. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும்.

3. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாரிலிருந்து லிங்கேஜ் கம்பியைப் பிரியுங்கள். வைப்பர் கையை மெல்ல அசைத்தால் இறுக்கமாக இருக்கிறதா? ஸ்பிண்டிலில் புழுதியும் துருவும் சேர்ந்திருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது.

4. லிங்கேஜ் இல்லாமலும் மோட்டார் திணறினால் மட்டுமே கோளாறு மோட்டாரில். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

லிங்கேஜுக்குள் விரலை விடும்போது பேட்டரி இணைப்பு கழன்றிருப்பது கட்டாயம்.

தரம் உயர்த்த

ஒரே வேகத்தில் ஓடும் பழைய மோட்டாருக்குப் பதில் இரண்டு வேக மோட்டார் போடலாம். வாங்கும் முன் வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பாருங்கள். புதிய மோட்டாரின் கிராங்க் நீளம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்; இல்லையேல் பிளேடு கண்ணாடிச் சட்டத்தில் போய் இடிக்கும். தூறலுக்கு விட்டு விட்டு ஓடவைக்கும் ரிலேயும், சேறு தெறித்தால் கழுவ வாஷர் பம்பும் நல்ல சேர்ப்பு.

அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் 1903-ல் காப்புரிமை பெற்ற வைப்பரைக் கையால்தான் இயக்க வேண்டும். இன்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 101-ஆவது விதி, விசையால் இயங்கும் நல்ல வைப்பரைக் கட்டாயமாக்குகிறது. தகுதிச் சான்றுக்குப் போகும் நாள்வரை காத்திருக்காமல், முதல் மழைக்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிச் சோதித்துவிடுங்கள்.