மோட்டரைத் திருத்துவது யாருடைய பொறுப்பு?



சொந்த வீட்டில் தண்ணீர் மோட்டர் பழுதானால் அது ஒரு செலவோடு முடிந்துவிடும். வாடகை வீட்டில் அது பெரிய சங்கடமாகி விடுகின்றது. வீட்டுக்காரரிடம் சொல்வதா விடுவதா? சொன்னால் கோபிப்பாரா? "வசதிப்படாவிட்டால் வேறு வீடு பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளின் பாடசாலை என்னாவது? இந்த யோசனைகளெல்லாம் முதலில் வருவது வீட்டிலிருக்கும் பெண்ணுக்குத்தான். ஏனென்றால் மோட்டர் நின்ற நாளிலிருந்து வாளி சுமப்பவர் அவரே.

அந்தச் சுமையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லீற்றர் வாளித் தண்ணீரின் நிறை 10 கிலோ. இரு கைகளிலும் இரண்டு வாளி என்றால் 20 கிலோ. சமையல், குளிப்பு, வுழூ, துணி துவைத்தல், மலசலகூடம் எல்லாவற்றுக்குமாக ஐந்து பேருள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 300 லீற்றர் என்று சிக்கனமாக வைத்துக்கொண்டாலும் 15 நடை நடக்க வேண்டும். மேல்மாடி அனெக்ஸ் என்றால் அத்தனை நடைக்கும் படியேற வேண்டும். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, கைக்குழந்தையுடன் தனியே குடும்பம் நடத்தும் சகோதரியின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

இப்படி மாதக்கணக்கில் சுமந்துகொண்டு, "நாம் பொறுமையாக இருக்கிறோம்" என்று தம்மைத் தேற்றிக்கொள்பவர்கள் நம்மில் பலர். பொறுமை சிறந்த குணம்தான். ஆனால் கேட்க உரிமையுள்ள ஒன்றைக் கேட்கத் தயங்குவதற்கு அந்தப் பெயரைச் சூட்டலாமா என்று சிந்திக்க வேண்டும்.

வாடகை எதற்காக?

மாதாமாதம் நாம் கொடுக்கும் வாடகை கல்லுக்கும் கூரைக்கும் உரிய விலை அல்ல. அந்த வீட்டில் குடியிருந்து பயன் பெறுவதற்கான விலை. பிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்னும் பாடம் முழுவதும் இந்த அடிப்படையிலேயே அமைந்துள்ளது. நம் நாட்டு அரபுக் கல்லூரிகளில் ஓதிக் கொடுக்கப்படும் 'மின்ஹாஜ்' நூலில், ஹிஜ்ரி 676 இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதை மிகத் தெளிவாக விளக்குகின்றார்கள். வீட்டின் சாவியை ஒப்படைப்பது உரிமையாளரின் கடமை. வீட்டைத் திருத்திக் கொடுப்பதும் அவரைச் சேர்ந்தது. அவர் விரைந்து திருத்திக் கொடுத்தால் விடயம் முடிந்தது. இல்லாவிட்டால் ஒப்பந்தத்தைத் தொடர்வதா முறித்துக்கொள்வதா என்னும் தெரிவு வாடகைக்கு இருப்பவரிடம் வந்து விடுகின்றது.

அங்கே ஒரு சுவையான உதாரணமும் உண்டு. கூரையில் விழுந்த பனியை அகற்றுவது உரிமையாளரின் வேலை. முற்றத்தில் சேரும் குப்பையைக் கூட்டுவது குடியிருப்பவரின் வேலை. நம் ஊரில் பனி விழுவதில்லை. ஆனாலும் அளவுகோல் நமக்கும் பொருந்தும். கட்டடத்தோடு சேர்ந்தது உரிமையாளருக்கு, அன்றாடப் புழக்கத்தால் வருவது குடியிருப்பவருக்கு. பயிர் செய்ய வாடகைக்கு எடுத்த காணியில் தண்ணீர் அற்றுப் போனாலும் இதே தெரிவுரிமை உண்டு என்று அந்த நூல் கூறுவது, மோட்டர் நின்றுபோன வீட்டில் இருப்பவருக்கு நன்றாக விளங்கும்.

நாட்டின் பொதுச் சட்டமும் இதற்கு அருகிலேயே நிற்கின்றது. இலங்கையில் குத்தகை விடயங்களுக்கு அடிப்படையாக உள்ள உரோம-டச்சுச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வாடகைக்கு விட்ட இடத்தை அது விடப்பட்ட தேவைக்கு ஏற்ற நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. ஆகவே மோட்டரைத் திருத்தித் தரும்படி கேட்பவர் உபகாரம் கேட்கவில்லை. வாடகையில் ஏற்கனவே அடங்கியுள்ளதைத்தான் கேட்கின்றார்.

நம் பக்கப் பொறுப்பு

வாடகை வீடு நம் கையில் உள்ள அமானத். சாதாரணப் புழக்கத்தில் ஒரு பொருள் தேய்ந்து பழுதானால் குடியிருப்பவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கிணற்றில் தண்ணீர் வற்றியிருப்பது தெரிந்தும் மோட்டரைப் போட்டு, அது வெறுமனே ஓடிச் சூடேறி எரிந்தால் அந்தப் பொறுப்பு நம்முடையது. பிள்ளைகள் விளையாடி உடைத்த சுவிட்சும் அப்படியே. நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை.

வீடு எடுத்த நாளில் இருந்த மோட்டர், தொட்டி, மின்விசிறி, கீசர் போன்றவை வாடகைக்குள் அடங்கியவை. நாமே வாங்கி மாட்டியது நமக்குரியது. அவற்றுக்கு வீட்டுக்காரரிடம் போக முடியாது.

சொல்வதற்கு முன்

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள். குழாய்த் தண்ணீர் உள்ள வீடென்றால் நீர் வழங்கல் சபையின் தண்ணீர் மீட்டர் வரை வருகிறதா? வரவில்லையென்றால் வீட்டுக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. தண்ணீர் வந்தும் தொட்டி நிரம்பவில்லையென்றால் மோட்டரைக் கவனியுங்கள். உறுமுகின்றது, ஆனால் சுழலவில்லை என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். அது சிறிய செலவு. சுழல்கின்றது, தண்ணீர் ஏறவில்லை என்றால் கிணற்றுக் குழாயின் அடியிலுள்ள புட் வால்வ் ஒழுகி, குழாயிலுள்ள தண்ணீர் இறங்கியிருக்கலாம். மோட்டருக்கும் பம்புக்கும் இடையில் தண்ணீர் சொட்டுகின்றதென்றால் சீல் தேய்ந்திருக்கும்.

பார்ப்பது மட்டும் போதும், கழற்ற வேண்டாம். மோட்டரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகின்றதென்றால் மின்கசிவு இருக்கக்கூடும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. ஈரக் கையுடன் அருகே போகாதீர்கள். பிள்ளைகளையும் விடாதீர்கள். கீசரைத் தொட்டால் 'ஜிவ்' என்று இழுத்தாலும் இதே எச்சரிக்கைதான். அன்றே நிறுத்திவிட்டு அன்றே சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது?

நாள் கடத்தாமல் சொல்வது முதல் விதி. அதில் வீட்டுக்காரருக்கும் நன்மை உண்டு. தேய்ந்த சீலை உடனே மாற்றினால் செலவு கொஞ்சம். விட்டுவைத்தால் ஒழுகும் தண்ணீர் மோட்டருக்குள் போய் பெயாரிங்கும் சுருளும் கெட்டுவிடும். பிறகு முழு மோட்டரையும் கழற்றிச் சுற்ற வேண்டி வரும். "ஆரம்பத்திலேயே ஏன் சொல்லவில்லை?" என்று அவர் கேட்டால் நம்மிடம் பதிலிராது.

நேரிலோ தொலைபேசியிலோ முதலில் பேசுங்கள். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, பழுதை மட்டும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு வாடகை, போன வருடத்து ஓட்டை, அவர் மகனின் பேச்சு ஆகியவற்றை அன்று இழுக்காதீர்கள். பேசிய பிறகு அதே விடயத்தை எழுத்தில் அனுப்புங்கள். வட்ஸ்அப் செய்தியும் ஒரு புகைப்படமும் போதும். வயதானவர் என்றால் ஒரு கடிதம் எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அது இவ்வாறு அமையலாம்:

*"மதிப்புக்குரிய ஹாஜியார் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருக்கும் தங்கள் வீட்டின் தண்ணீர் மோட்டர் கடந்த திங்கட்கிழமை முதல் வேலை செய்யவில்லை. உறுமும் சத்தம் மட்டும் வருகின்றது. அன்றே தங்களுக்குத் தொலைபேசியில் அறிவித்தோம். தண்ணீர் சுமப்பது சிரமமாக உள்ளதால் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பாஸ் ஒருவரை அனுப்பித் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம். தங்களுக்கு வசதியில்லாவிட்டால் நாங்களே திருத்தி, பற்றுச்சீட்டைத் தந்து, அத்தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளத் தங்கள் சம்மதத்தை எழுத்தில் அறியத் தரவும்."*

இதில் என்ன பழுது, எப்போதிருந்து, எந்த நாளைக்குள், இல்லாவிட்டால் என்ன வழி என்ற நான்கும் வந்துவிட்டன. கோபமான ஒரு சொல்லும் இல்லை. வீட்டுக்காரர் சிங்களவர் என்றால் பாடசாலையில் சிங்களம் படிக்கும் மகளைக் கொண்டு அவருடைய மொழியிலேயே எழுதி அனுப்புங்கள். அந்த மரியாதையே பாதி வேலையை முடித்துவிடும்.

ஆண்கள் இல்லாத வேளையில் பாஸ் வருவது உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், "நானா வீட்டிலிருக்கும் நேரம் மாலை நான்கு மணி, அப்போது அனுப்புங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்தவரைத் திருப்பியனுப்பினால், "ஆள் அனுப்பினேன், அவர்கள் கதவு திறக்கவில்லை" என்ற பேச்சு வந்துவிடும்.

வாடகையைப் பிடித்து வைக்கலாமா?

பலர் இதைத்தான் முதலில் யோசிக்கின்றார்கள். வேண்டாம், சகோதரிகளே. வாடகை நிலுவை என்பது வீட்டை விட்டு எழுப்புவதற்குச் சொல்லப்படும் வலுவான காரணங்களில் ஒன்று. நியாயம் உங்கள் பக்கம் இருந்த விடயத்தில் நீங்களே எதிர்ப்பக்கத்துக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தவர்களாகி விடுவீர்கள்.

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நாமாகத் திருத்தினால் அது நாம் விரும்பிச் செய்த உபகாரமாகவே கொள்ளப்படும், செலவைத் திருப்பிக் கேட்க முடியாது என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. எனவே அனுமதி முதலில், வேலை பிறகு. உதாரணமாக வாடகை 35,000 ரூபா, அவர் சம்மதித்த திருத்தச் செலவு 8,000 ரூபா என்றால், 27,000 ரூபாவையும் பாஸ் தந்த பற்றுச்சீட்டையும் சேர்த்துக் கொடுத்து, முழு வாடகைக்கும் கணக்குத் தீர்ந்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுத்தால்?

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம் என்பது ஏட்டில் எளிது. வருட நடுவில் பாடசாலையை விட்டு, புதிய முற்பணம் தேடி, சாமான் ஏற்றிப் போவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்குத் தெரியும். எனவே அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, இடையிலுள்ள வழிகளைப் பாருங்கள்.

இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரையோ பள்ளிவாசல் நிருவாகத்தையோ கொண்டு பேசிப் பார்ப்பது முதல் வழி. அது சரிவராவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபை இருக்கின்றது. சட்டத்தரணிகள் வாதாடும் இடமல்ல அது. இரு தரப்பையும் உட்கார வைத்து இணக்கம் காண முயல்வார்கள். இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியும் வாடகைப் பற்றுச்சீட்டுகளும் அங்கேதான் பேசும்.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் எல்லா வீடுகளையும் ஒரே விதமாகக் கட்டுப்படுத்துவதில்லை. உங்கள் வீட்டின் நிலையை அறிய வேண்டுமானால், வசதி குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை வழங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

வீட்டுக்காரச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் காலம் கழிக்கும் விதவைத் தாய்மாரும் இருப்பீர்கள். உங்கள் கஷ்டமும் சிறியதல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவரை போனது. இறக்குமதியாகும் மோட்டரும் உதிரிப்பாகமும் அதனோடு விலையேறின. பழைய வாடகையில் புதிய மோட்டர் வாங்குவது பாரம்தான்.

அப்படியானால் அதைக் குடியிருப்பவரிடம் திறந்து சொல்லுங்கள். இரண்டு மாத வாடகையில் பிரித்துக் கழிப்போம் என்றோ, இப்போதைக்குத் திருத்தி ஓட்டுவோம் என்றோ பேசிக்கொள்ளலாம். "பார்ப்போம்" என்று சொல்லி நாள் கடத்துவதுதான் மனக்கசப்பை வளர்க்கின்றது. மாதா மாதம் வாடகையில் ஒரு சிறு தொகையைத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம். ஒழுங்காக வாடகை தந்து, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை இழப்பது ஒரு மோட்டரின் விலையைவிடப் பெரிய நட்டம்.

சாவி வாங்கும் நாளிலேயே

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் நமக்கு வழிகாட்டுகின்றது. கடனுக்குச் சொல்லப்பட்ட அந்த ஒழுங்கை வீட்டு விடயத்திலும் கைக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது. அடுத்த முறை வீடு எடுக்கும்போது ஒரு தாளில் மோட்டர், தொட்டி, மின்விசிறி, கீசர், பூட்டு என்று ஒவ்வொன்றையும் எழுதி, எது வேலை செய்கின்றது, எது செய்யவில்லை என்று குறித்து, பழுதானால் யார் திருத்துவது, எத்தனை நாளில் என்பதையும் சேர்த்து இரு தரப்பும் ஒப்பமிடுங்கள்.

ஏற்கனவே குடியிருப்பவர்கள் அடுத்த மாத வாடகை கொடுக்கும்போது இந்தத் தாளை எழுதிக்கொண்டு போகலாம். இன்று மோட்டர் நின்றிருக்கும் வீட்டிலிருப்பவர்களோ, வாளியைக் கீழே வைத்துவிட்டு முதலில் அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.