பிஞ்சு நிற்க வேண்டுமா? வரப்பில் பூ நிற்கட்டும்!

பூசணிக் கொடி நன்றாகப் படர்ந்திருக்கும். பூவும் ஏராளமாகப் பூத்திருக்கும். ஆனால் பெண் பூவின் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடும். உடனே மருந்துக் கடைக்கு ஓடுவது வழக்கமாகிவிட்டது. பிஞ்சு உதிர்வதற்கு நீர்க்குறைவு, உரக்குறைவு, பழ ஈ என்று பல காரணங்கள் உண்டு. மகரந்தம் சேராததும் அவற்றில் ஒன்று. அதுதான் காரணம் என்றால், மருந்து அடிக்க அடிக்க நிலைமை மோசமாகும். மகரந்தம் கொண்டுவரும் தேனீயும் அந்த மருந்தில் மடிந்துவிடும்.

பூசணி, பாகல், சுரை, பீர்க்கு, புடல் ஆகிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்று அதைக் கொண்டுபோய்ச் சேர்க்காது; பூச்சிதான் சேர்க்க வேண்டும். பூசணிப் பூ விடியலில் மலர்ந்து உச்சிப் பொழுதுக்குள் கூம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வராவிட்டால் அந்தப் பிஞ்சு வீண்தான். அரைகுறையாக மகரந்தம் சேர்ந்தாலும் காய் கோணலாகும்.

எந்தப் பயிருக்கு எந்தப் பூச்சி?

சூரியகாந்தி, எள், வெள்ளரி, பூசணிக்கு அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, மலைத் தேனீ, கொசுத் தேனீ ஆகியவை உதவும். கத்தரியின் கதை வேறு. அதன் மகரந்தம் பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் உதிரும். கருவண்டு போன்றவை பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டு உலுக்கும்போது அது நன்றாகக் கொட்டுகிறது. அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. முருங்கைக்கும் துவரைக்கும்கூட கருவண்டு நல்ல நண்பன். சுரை, புடல் பூக்கள் மாலையிலும் இரவிலும் மலர்வதால் அந்துப்பூச்சிகளும் அவற்றுக்கு வேலை செய்கின்றன.

ஆகவே தேனீப் பெட்டி வைத்தால் மட்டும் போதாது. 1991, 1992 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, பெட்டிகளில் இருந்த அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதி அழிந்தது. ஒரே வகையை நம்பியிருப்பது ஆபத்து என்பதற்கு இதுவே சாட்சி.

செலவில்லாத சோதனை

நம் வயலில் பூச்சி குறைவா என்பதை ஒவ்வொருவரும் தாமே அறியலாம். மறுநாள் மலரவிருக்கும் பூசணிப் பெண் மொட்டுகளில் ஐந்தை மாலையில் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்ட வேண்டும். மறுநாள் காலை 8 மணிக்குள், வேறு ஐந்து பெண் பூக்களில் ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். இன்னும் ஐந்தை அப்படியே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் அடையாள நூல் கட்ட வேண்டும். பூ வாடியதும் பையை எடுத்துவிடலாம்.

ஒரு வாரத்தில் முடிவு தெரியும். பையிட்டவை உதிர்ந்துவிடும். கையால் தடவியவை நின்று, சும்மா விட்டவை பெரும்பாலும் உதிர்ந்தால், அங்கே பூச்சிப் பஞ்சம் என்று பொருள். இரண்டும் உதிர்ந்தால் நீரையும் உரத்தையும் பழ ஈயையும் கவனிக்க வேண்டும். நூறு முறை சொல்வதைவிட, அண்டை வயல்காரர்களை அழைத்து இதைக் காட்டுவது பலன் தரும்.

எதை எங்கே வைப்பது?

பயிர் பூப்பது சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் பூச்சி பட்டினி கிடக்கக் கூடாது. தும்பை, துளசி, நாயுருவி போன்றவை வரப்பில் தாமாகவே முளைப்பவை. இவற்றை அடியோடு செதுக்காமலும், களைக்கொல்லி தெளிக்காமலும் ஓரமாக விட்டுவைத்தால் போதும். நெல் வரப்பில் தட்டைப்பயறு, எள் விதைத்தால் வீட்டுக்கும் உதவும். வேலி ஓரத்தில் ஆவாரை, நொச்சி வைக்கலாம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைத் தேடி அலையும் ஊர்களில் இதற்குத் தனியாகப் பிரசாரம் வேண்டியதில்லை.

அரை ஏக்கர்காரர் வரப்பில் மரம் வைத்தால் நிழல் பயிரைக் கெடுக்கும். வேம்பு, புங்கன், நாவல், இலந்தை, புளி ஆகியவற்றுக்கு ஏரிக்கரை, பள்ளி வளாகம், கோயில் நிலம் ஆகியவையே ஏற்ற இடம். வேம்பும் நாவலும் பங்குனி, சித்திரையில் பூக்கும். புங்கனும் புளியும் கோடையில் தொடரும். இலந்தை புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும். வேப்ப விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆகவே பழம் பொறுக்கியவுடன் சதை நீக்கி விதைக்க வேண்டும். இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளைகள் உற்சாகமாகச் செய்வார்கள்.

பல காட்டுத் தேனீக்கள் உழாத மண்ணில் வளை தோண்டி வாழ்கின்றன. கருவண்டு பட்ட மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு முட்டையிடும். எனவே ஒரு மூலையில் கொஞ்சம் மண்ணும் ஒரு பட்ட மரமும் கிடக்கட்டும்.

ஊர் கூடினால்தான் முடியும்

தேனீ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் மேயும். அதற்குப் பட்டா எல்லை கிடையாது. ஒருவர் பூ வளர்க்க, பக்கத்துக்காரர் காலையில் மருந்து அடித்தால் பாடு வீணாகும். ஆகவே கிராம சபையிலோ மகளிர் குழுக் கூட்டத்திலோ சில கட்டுப்பாடுகளைப் பேசி முடிவு செய்வது நல்லது.

* பூத்திருக்கும் பயிருக்குக் கூடியமட்டும் மருந்து அடிப்பதில்லை.
* அவசியமானால், தேனீ கூடு திரும்பிய பின் மாலையில் அடிப்பது. மாலையில் மலரும் சுரை, பீர்க்குக்கு இது பொருந்தாது. அவற்றில் பூ விரிந்திருக்கும் நேரத்தைத் தவிர்ப்பது.
* இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்றவை செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் சேரக்கூடியவை. பூக்கும் பருவத்தில் அவற்றைத் தொடுவதில்லை.
* பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு முதல் நாளே தகவல் சொல்வது.
* தேன் எடுப்பதற்காகப் பந்தம் கொளுத்திக் கூட்டையே எரிப்பதில்லை.

இவற்றில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. முதல் வேலையாக, நாளைக் காலை 7 மணிக்குப் பூசணிக் கொடியருகே கால் மணி நேரம் நின்று எத்தனை தேனீ வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். மருந்துக் கடைக்குப் போவதா, வரப்பைக் கவனிப்பதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.