குளிர் குறைந்தது ஏன்?

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் கீழக்கரையில் இரவிலும் சுவர்கள் அனல் கக்கும். சென்ற ஆண்டு அத்தகைய ஒரு நாளில், லுஹருக்குப் பின் என் ராத்தாவின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மேல்மாடி அறையில் ராத்தாவின் மாமியார் படுத்திருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். நெடுநாளாக மூச்சிரைப்பால் துன்புறுபவர். அவருக்காகவே, துபாயிலிருக்கும் பேரன் அனுப்பிய பணத்தில், ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த அறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. பொருத்தினார்கள். நான் சென்றபோது ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் அந்த மூதாட்டியின் நெற்றியெல்லாம் வியர்வை. அருகில் அமர்ந்து பேத்தி ஒருத்தி பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

"கேஸ் தீர்ந்துவிட்டதாம் தம்பி. நாளைக்கு ஆள் வருகிறார். மூவாயிரத்து ஐந்நூறு கேட்கிறார்" என்றார் ராத்தா.

"போன வருஷமும் கேஸ் போட்டீர்களே, ராத்தா?"

"அதற்கு முந்திய வருஷமும்தான் போட்டோம். வருஷா வருஷம் தீர்ந்துபோனால் என்ன செய்வது?"

அன்பிற்குரிய வாசகர்களே, இந்த உரையாடல் உங்கள் இல்லத்திலும் நடந்திருக்கக்கூடும். அடுப்பங்கரையில் இருக்கும் சிலிண்டர் தீர்ந்துபோகும். அதிலுள்ள வாயு எரிந்து செலவாகிறது. ஏ.சி.யில் இருக்கும் வாயு எரிவதில்லை, செலவாவதும் இல்லை. அறைக்குள் இருக்கும் பெட்டியில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. செம்புக் குழாய் வழியே வெளிப்பெட்டிக்குச் சென்று, அங்கே கம்ப்ரஸரால் அழுத்தப்பட்டு, சுமந்து வந்த வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகி மீண்டும் உள்ளே திரும்புகிறது. கிணற்று இராட்டினத்தில் வாளி போய் வருவது போன்ற வேலை இது. நீர் இறைத்ததனால் வாளி குறைந்துவிடுவதில்லை. வாயு குறைந்தது உண்மையானால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். அந்த ஓட்டையைத் தேடி அடைக்காமல் ஆண்டுதோறும் வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்த கதைதான்.

ராத்தாவிடம் மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாற்காலியில் ஏறி முன்மூடியைத் தூக்கினேன். உள்ளே இருந்த பில்டரைக் கண்டதும் எனக்கே திகைப்பாக இருந்தது. வலை எது, தூசு எது என்று தெரியவில்லை. சாம்பல் நிறக் கம்பளித் துண்டு ஒன்றை மடித்து வைத்தாற்போல் இருந்தது. ஆறு ஆண்டுகளில் அதைக் கழுவியவர் யார் என்று கேட்டேன். அது கழற்றக்கூடிய பொருள் என்பதே அந்த வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கேஸ் போட வந்தவர்களும் சொல்லவில்லை.

பில்டரைக் கழுவி மாட்டியதும் அன்று மாலைக்குள்ளேயே ஓரளவு குளிர் வந்துவிட்டது. மறுநாள் வேறொரு மெக்கானிக்கை அழைத்து, "கேஸ் வேண்டாம், முதலில் உள்ளும் வெளியும் கழுவுங்கள், பிறகு அளந்து பாருங்கள்" என்றோம். அளந்து பார்த்ததில் வாயு குறைந்திருக்கவில்லை. இருக்க வேண்டியதைவிட மிகுந்திருந்தது! வாயு மிகுந்தாலும் குளிர் குறையும். அழுத்தம் ஏறிக் கம்ப்ரஸருக்கும் கேடு. பணமும் கொடுத்து, இயந்திரத்தையும் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பில்டரைக் கழுவ மெக்கானிக் தேவையில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூடக் கற்றுக்கொடுத்துவிடலாம். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. மெயின் சுவிட்சையே நிறுத்த வேண்டும். முன்மூடியின் இரு ஓரங்களையும் பிடித்து மேலே தூக்கினால் பில்டர்கள் தெரியும். அவற்றைச் சற்றே மேலே தள்ளிக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். வாசலில் வைத்துத் தட்டிவிட்டு, சாதாரணக் குழாய்நீரில் கழுவுங்கள். கொதிநீர் கூடாது; பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். வெயிலிலும் காயவைக்காதீர்கள். நிழலில் நன்றாக உலர்ந்த பின்பே மாட்ட வேண்டும். கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும். மணல் தெருவில் உள்ள வீடுகளுக்கும், பஞ்சு மெத்தையை அடிக்கடி உதறும் வீடுகளுக்கும் வாரம் ஒருமுறை.

இங்கே நம் இல்லங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலையில் சாம்பிராணி போடுவதும், அரபு நாட்டிலிருந்து வரும் பகூரை மணக்கச் செய்வதும் நம் வழக்கம். மணம் நல்லதுதான். ஆனால் அந்தப் புகையிலுள்ள பிசின் பில்டரிலும் அதன் பின்னுள்ள காயிலிலும் பசைபோல் படிந்து, பறந்து வரும் தூசையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. நோன்பு மாதத்தில் வடையும் சமூசாவும் பொரிக்கும் எண்ணெய்ப் புகையும் அவ்வாறே. புகை போடும் நேரத்தில் ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிசுக்கேறிய பில்டருக்கு மட்டும் சிறிது சோப்புத்தூள் சேர்த்துக்கொள்ளலாம்.

பள்ளிவாசல்களின் நிலை இதைவிடக் கடினம். தொழுகை விரிப்புகளின் நூல்துகள் ஓயாமல் எழும்புகிறது. தராவீஹ் நாள்களில் கூட்டமும் மிகுதி. ஷஅபான் மாதத்திலேயே பில்டர்களைக் கழுவி, காயில்களையும் பார்த்துவிடும் நிர்வாகிகள் ரமளானில் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியிராது.

காற்று தடைப்பட்டால் வேறொரு வேடிக்கையும் நடக்கும். வெப்பம் வந்து சேராததால் உள்காயில் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்து, அதன்மேல் பனிக்கட்டி படியும். வாயு குறைந்தாலும் பனி படியும். காற்று குறைந்தாலும் பனி படியும். பனியைக் கண்டவுடன் "கேஸ் இல்லை" என்று தீர்ப்புச் சொல்பவர் இரண்டாவது காரணத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். பனியைக் கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்டாதீர்கள். மெல்லிய குழாயில் துளை விழுந்தால் அன்றைக்கு உண்மையாகவே கேஸ் போய்விடும். குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டால் தானே உருகும்.

நீர் சொட்டும் தொல்லைக்கு வருவோம். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் நவீன குளிர்பதன இயந்திரத்தை வடிவமைத்தது மனிதர்கள் சுகமாக உறங்குவதற்காக அன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்றில், காற்றிலிருந்த ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ண அச்சு பிசகிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே அவருக்கு இடப்பட்ட வேலை. இன்றும் ஏ.சி.யின் உழைப்பில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுப்பதற்கே செலவாகிறது. கடலோர ஊர்களில் ஒரு நாளில் பல லிட்டர் நீர் வடியும். அந்நீர் தேங்கும் தட்டிலும் வடிகுழாயிலும் தூசு சேர்ந்து, வழவழப்பான பாசி பிடித்து அடைத்துக்கொண்டால், நீர் சுவர் வழியே இறங்கிக் கட்டிலை நனைக்கும். ஆண்டுக்கு இருமுறையாவது வடிகுழாயைக் கழுவச் செய்யுங்கள். வடியும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கப் பயன்படுத்தும் சகோதரிகள் பலர். நல்ல பழக்கம், குடிக்க மட்டும் அது ஆகாது. குழாயின் முனை வாளி நீருக்குள் மூழ்கியிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூழ்கினால் நீர் தடையின்றி இறங்காது.

ஏ.சி.யைப் போட்டவுடன் பழந்துணி நாற்றம் வீசினால், ஈரக் காயிலில் பூஞ்சை பிடித்துவிட்டது என அறியலாம். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதை அலட்சியப்படுத்தலாகாது. குளிருக்காக வாங்கிய பொருளே இருமலை வளர்க்கும். காயிலையும் உருளை விசிறியையும் மெக்கானிக்கைக் கொண்டு கழுவச் செய்வதோடு, அன்றாடம் நிறுத்துவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் உலர்ந்துவிடும். ராத்தாவின் மாமியாருக்கு இரவில் வந்துகொண்டிருந்த தொடர் இருமல், கழுவிய வாரத்திற்குப் பின் குறைந்தது என்கிறார்கள். மருந்தும் மாறியது, எது காரணம் என்று நான் துணிந்து சொல்லமாட்டேன்.

வெளிப்பெட்டியை நம்மில் பெரும்பாலோர் திரும்பியே பார்ப்பதில்லை. கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் வாழ்பவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதிலுள்ள காயில் பல இயந்திரங்களில் செம்புக் குழாயும் அதைச் சுற்றிய மெல்லிய அலுமினியத் தகடுகளுமாக அமைந்தது. உப்புக்காற்றின் ஈரத்தில் இவ்விரு உலோகங்களும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும். தகடு உதிர்ந்தால் வெப்பம் வெளியேற வழியில்லை. கம்ப்ரஸர் மூச்சுத்திணறிக்கொண்டே மின்சாரத்தை விழுங்கும். நாளடைவில் குழாயிலும் துளை விழும். நம் ஊர்களில் வாயுக் கசிவு உண்மையாகவே நிகழ்வதும் உண்டு என்பதை மறைக்க முடியாது. அதற்குப் பெரும் காரணம் இந்த உப்புதான். மருந்து எளியது. மாதம் ஒருமுறை, மெயினை நிறுத்திவிட்டு, நல்ல நீரால் மென்மையாகக் காயிலைக் கழுவிவிட வேண்டும். ஆழ்குழாயில் உப்புநீர் வரும் வீட்டார் அந்த நீரைப் பயன்படுத்தலாகாது. கார் கழுவும் குழாய் போல் விசையோடு பீய்ச்சியடித்தால் தகடுகள் மடிந்துவிடும். எட்டக்கூடிய இடத்தில் பெட்டி இருந்தால் மட்டுமே நாமே செய்ய வேண்டும். மாடி விளிம்பில் தொங்குவதாயின் பழகிய ஆளிடம் விடுங்கள்; அவரும் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்குவதற்கு இடங்கொடாதீர்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

பெட்டியைச் சுற்றிப் பழைய சைக்கிள், சாக்கு, தண்ணீர்த் தொட்டி என்று அடுக்கி வைப்பதும் கூடாது. பல்லியும் எறும்பும் உள்ளே நுழைந்து மின்பலகையைக் கருகச் செய்வதும், அணில் குழாயின் மேலுறையைக் கடித்துக் குதறுவதும் வாடிக்கை. மேலுறை கிழிந்த இடத்தில் புதிய உறை சுற்றச் சொல்லுங்கள்; செலவு அற்பம்.

உண்மையாகவே வாயு குறைந்துவிட்டால் என்ன செய்வது? மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள்: ஓட்டை எங்கே? அதைக் காட்டி அடைத்த பின், நைட்ரஜன் வாயுவை ஏற்றிக் கசிவைச் சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு சோதிக்க வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெயும் அழுத்தப்பட்ட ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். பிறகு வேக்கும் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அதன்பின் வெளிப்பெட்டியின் தகட்டில் அச்சிட்டிருக்கும் எடையைப் பார்த்து, தராசில் நிறுத்து வாயுவை ஏற்ற வேண்டும். எந்த வாயு என்பதும் அதே தகட்டில் இருக்கும். பழைய இயந்திரங்களில் ஆர் 22. பின்னர் ஆர் 410 ஏ. இப்போது பெரும்பாலும் ஆர் 32. சிலவற்றில் ஆர் 290. ஒன்றிற்கு மற்றொன்றை மாற்றிப் போடலாகாது. ஆர் 32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆர் 290 என்பது புரோப்பேன், எளிதில் தீப்பற்றும். வேலை நடக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம்.

மூடியைக் கழற்றி மின்பகுதிக்குள் கைவைக்கும் ஆர்வம் நம் இளைஞர்களுக்கு உண்டு. வெளிப்பெட்டியில் உள்ள கெபாஸிடர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும். அது மெக்கானிக்கின் வேலை. வீட்டார் கவனிக்க வேண்டியது பிளக்கை. 16 ஆம்பியர் பிளக் தொட்டால் சுடுகிறதா, ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அவ்வாறிருந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அன்றே எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். எர்த் இணைப்பையும் அப்போதே சோதித்துவிடலாம்.

கழுவிய ஏ.சி.யில் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. முன்பு 18இல் வைத்தும் வியர்த்துக்கொண்டிருந்த மாமி, இப்போது 24இலேயே "குளிருகிறது, குறை" என்று போர்வையை இழுத்துக்கொள்கிறார். 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விற்கப்படும் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் தொடங்கும்போதே 24இல் தொடங்க வேண்டும் என்பது அரசின் விதி. எண்ணைக் குறைத்தால் விரைவில் குளிரும் என்பது தவறான எண்ணம்; நெடுநேரம் ஓடும், அவ்வளவுதான். தமிழகத்தில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது என்பது ஏ.சி. உள்ள ஒவ்வொரு வீட்டாருக்கும் கசப்பான அனுபவம். ராத்தா இப்போது 26இல் வைத்து, மேலே மின்விசிறியை மெல்ல ஓடவிடுகிறார். பனையோலை விசிறி, பில்டரைக் கழுவும் நாள்களில் மட்டும் வெளியே வருகிறது. அது உலரும் வரைக்கும் பேத்திக்கு வேலை.